சர்க்கரை போடாத தேநீர்

ஜைலோசி தன் வாழ்நாளில் யார் துணையும் இல்லாமல் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்த முதல் வாக்கியம், ‘இங்கே உண்ணவோ குடிக்கவோ கூடாது’ என்பது.

அது சோம்பா மலைக்குக் கீழே, கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு மேலே, சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கட்டி முடித்த பிறகு கூட்டிப் பெருக்க நின்றார். பெருக்கியவர் கண்ணாடிச் சாமான் கழுவப் போனார். கழுவியவரை டாக்டர் மொடெஸ்டா கலிந்தே தன் கூடத்துக்கே ஆளாக வைத்துக்கொண்டார். அதுவரை பாட்டில்களை மூடியின் நிறத்தை வைத்தும் வாசனையை வைத்தும்தான் அவருக்கு அடையாளம் தெரியும். ஒருநாள் மூடி மாறிப்போய்ப் பெரிய ரகளையானது. அதற்கப்புறம்தான் தேவாலயத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போனார். நாற்பத்தோரு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சிவப்பு எழுத்துகள் சட்டென்று வாய்திறந்து பேசின.

ஓடிப்போய் டாக்டரிடம் படித்துக் காட்டினார். அந்த அம்மாள் கைதட்டிச் சிரித்தார்.

“அப்போ இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது அண்ணே. மாட்டிக்கிட்டீங்க.”

அந்த வார்த்தை பதினொரு வருடம் கழித்து வந்து நிற்கும் என்று இருவருக்குமே தெரியாது.

டாக்டர் மொடெஸ்டாவுக்கு மூன்று வருடமாக ஒரே கவலை. முலாஞ்சே மலைச் சரிவில் படரும் ஒரு கொடி. வயிற்றுவலிக்கு அதன் வேரைக் காய்ச்சிக் குடிக்கிற வழக்கம் அங்கே உண்டு. அந்த வேரை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, இடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகைகூடத் தேறாத ஒரு பொருளை எடுத்திருந்தார். வேலை செய்வது அதுதான் என்று தெரியும். அது என்ன வடிவம் என்பதுதான் தெரியவில்லை. வேறு வழிகளில் பார்த்ததில் இரண்டு வடிவங்கள் வந்தன. இரண்டில் எது என்று முடிவாகச் சொல்ல வேண்டுமானால் அது படிகமாக வளர வேண்டும். வளர்ந்த படிகத்தைக் கேப்டவுனுக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் தோழி எக்ஸ்ரே போட்டு அணு அணுவாகப் படம் எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் அது படிகமாகவே ஆகவில்லை. எந்தக் கரைசலில் வைத்தாலும், எவ்வளவு மெதுவாக உலரவிட்டாலும், கடைசியில் மாம்பிசின் மாதிரி பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு பல்லைக் காட்டியது.

“எதுக்கு மேடம் கிரிஸ்டல்தான் வேணும்னு அடம் பிடிக்கிறீங்க? பிசினைப் படம் எடுத்தா ஆகாதா?” என்று ஜைலோசி ஒருமுறை கேட்டார்.

“நீங்க சூளையில செங்கல் அடுக்கியிருக்கீங்கல்ல? அடுக்கினதை ஒரு பக்கமா நின்னு பார்த்தாலே ஒரு கல்லு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்னு சொல்லிடலாம். கொட்டிக் கிடக்கிற குவியலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?”

“முடியாது. அதுவும் லாரிக்காரன் கொட்டினதுன்னா சுத்தமா முடியாது.”

“பிசின்னா லாரிக்காரன் கொட்டினது. கிரிஸ்டல்னா நீங்க அடுக்கினது.”

அன்றிலிருந்து ஜைலோசிக்கு அந்தப் பாட்டில்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் பாட்டில் அதிரும் என்று சண்டைக்குப் போவார். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோனார்டு வந்து வாசலில் நின்று வம்பு இழுப்பார்.

“என்ன ஜைலோசி, உன் பாட்டில் இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுச்சா? தூங்குச்சா?”

“மெதுவாப் பேசுய்யா. உன் குரலுக்கே அது கலங்குது.”

“கல்யாணம் பண்ணி வச்சாலாவது கெட்டிப்படுதான்னு பாரு.”

இது மே மாதக் கடைசி. ஜூனில் டாக்டர் ஒரு கூட்டத்துக்காகப் பிளாண்டயர் போனார். இரண்டு வாரம். போகும் முன் மிச்சமிருந்த பொருளில் பாதிக்கு மேல் ஒரே பாட்டிலில் கரைத்து, வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் ஆறு துளை போட்டு, ஜன்னலோரம் மணல் நிரப்பிய தட்டில் பதித்து வைத்தார். பாட்டில் இரண்டு விரல் உயரம்தான் இருக்கும்.

“அண்ணே, ஒண்ணும் செய்ய வேண்டாம். பார்த்துக்கிட்டா போதும். தொட வேண்டாம், யாரையும் தொட விடவும் வேண்டாம்.”

“நான் இருக்கேன் மேடம். நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

அவர் போன இரண்டாம் நாள் சிப்பெரோனி இறங்கியது. முலாஞ்சே பக்கமிருந்து வரும் அந்தப் பனித்தூறல் இறங்கினால் நான்கு நாளைக்கு வெயில் முகம் தெரியாது. செங்கல் சுமந்த முதுகுக்கு அது ஆகாது. எலும்புக்குள் ஈரத்துணி சுற்றினாற்போல் இருக்கும். ஜைலோசியின் மனைவி எனிஃபா அந்த மாதிரி நாள்களில் ஃப்ளாஸ்க் நிறையக் கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுப்பாள். தியோலோ தேயிலைத் தூள், மூன்று கரண்டி, கொதிக்கக் கொதிக்க. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏதோ சொன்ன நாளிலிருந்து சர்க்கரை டப்பாவை அவள் கூரைக்குக் கீழே எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள். “வேணும்னா ஏணி வச்சு எடுத்துக்கோங்க. ஏணியில ஏற முதுகு விட்டா சர்க்கரை போட்டுக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்ல” என்பாள்.

அந்தத் தேநீரைத்தான் ஜைலோசி, சிவப்பு எழுத்துப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று எனாமல் குவளையில் ஊற்றிக் குடித்தார். குளிர்நாளில் மட்டும். ஒரு குவளை மட்டும். யாரும் இல்லாதபோது மட்டும். இப்படி மூன்று ‘மட்டும்’ போட்டுத் தன்னைத் தானே மன்னித்து வைத்திருந்தார்.

குவளையில் கடைசி மடக்கு இருந்தது. அதை மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தொங்கிய துணியை எட்டி எடுத்தார். சட்டைக் கையின் பித்தான் அலுமினியத் தாளின் விளிம்பில் மாட்டியது. பாட்டில் மணலிலிருந்து எழும்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, குவளைக்குள் தலைகீழாக விழுந்தது.

உடையவில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவும் இல்லை. தாள் கழன்று, எல்லாம் அந்தக் கடைசி மடக்குத் தேநீருக்குள்.

ஜைலோசி நின்றார். மூன்று வருடம். எத்தனை மூட்டை வேர். இடித்தது அவர் கை, வடித்தது அந்த அம்மாளின் கண். பிறகு கை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. வடிதாளை எடுத்து நாலாய் மடித்துப் புனலில் பொருத்தினார். பதினொரு வருடத்தில் அவர் மடித்த வடிதாளை அடுக்கினால் கூரையைத் தொடும். குவளையில் இருந்ததை ஊற்றினார். தேயிலைத் துணுக்கெல்லாம் தாளில் நின்றது. பழுப்பு நிறத்தில் ஒரு நீர் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலுக்குள் திரும்பி வந்து கழுத்துவரை நின்றது. புதுத் தாள் மூடி, ஆறு துளை போட்டு, பழைய இடத்திலேயே பதித்துவைத்தார். அப்புறம் ஃப்ளாஸ்க்கில் மீதி இருந்த தேநீரைத் தொட்டியில் கொட்டினார்.

அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனிஃபா மக்காச்சோளக் களியை, சீமாவை, உருட்டிக் கையில் கொடுத்தும் அப்படியே வைத்திருந்தார். “உடம்புக்கு என்ன?” என்றாள். “சிப்பெரோனி” என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. பாட்டிலின் அடியில் ஏதோ பளிச்சிட்டது. குனிந்து பார்த்தார். பழுப்பு நீருக்குள், அதன் நிறம் துளிகூட ஒட்டாமல், உப்புக் கல்லைவிடச் சின்னதாக, நாலு பக்கமும் வெட்டி வைத்தாற்போல் சில கற்கள். பழுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு பழுப்பைத் தன்மேல் படவிடாமல் இருந்தன.

டாக்டர் திரும்பி வந்து அதைப் பார்த்த அன்று ஆய்வுக்கூடத்தில் நடந்ததை ஸ்டோனார்டு இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். அந்த அம்மாள் முதலில் கத்தினார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து ஜைலோசியைக் கட்டிப்பிடித்து, அவர் காலை மிதித்து, “மன்னிச்சிடுங்க அண்ணே” என்று சொல்லி மறுபடி கட்டிப்பிடித்தார்.

“நிறம் பழுப்பா மாறியிருக்கு பாருங்க. வெளிச்சம் பட்டிருக்கும். பரவால்ல, பரவால்ல. அது வந்துடுச்சு!”

சொல்லிவிடலாம் என்று ஜைலோசி வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் அது இன்னும் கொஞ்சம் கனத்தது. அதற்கு மறுநாள் இன்னும். செங்கல்லாவது எவ்வளவு தூரம் சுமந்தாலும் அதே கனம்தான்.

கற்கள் கேப்டவுனுக்குப் போயின. செப்டம்பரில், வெயில் ஏறி ஜக்கராண்டா பூக்கத் தொடங்கிய வாரத்தில், பதில் வந்தது: தேடிய பொருளோடு இன்னொன்றும் அந்தக் கற்களுக்குள் இருக்கிறதாம். டாக்டர் கணினியில் அதை மூன்று முறை படித்தார். பிறகு ஜைலோசியைக் கூப்பிட்டார்.

“அண்ணே, ஜூன்ல அந்த பாட்டிலை யாராவது தொட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஜைலோசி தன் கையைப் பார்த்தார். “என் கையைத் தவிர வேற கை படல மேடம்.”

“அதுதானே பார்த்தேன். நீங்க இருக்கும்போது யாரு தொடப் போறா?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவரை அதிகமாகக் குத்தியது.

அந்த வாரம் முழுக்க டாக்டரின் கால் தரையில் படவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த பழுப்பு நீரைத் பூச்சுத் தகட்டில் புள்ளி வைத்து, எதெது கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார், “இதுலயும் இருக்கு!” என்றார். மறுபடி சோதித்துப் பார்க்கப் பழைய வேர் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. புது வேர் மழைக்கு அப்புறம்தான். “மூணு வருஷமா கண்ணுல படாம எப்படி ஒளிஞ்சிருந்துச்சு?” என்று அடிக்கடி தனக்குத் தானே முனகிக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. பிளாண்டயரிலிருந்தும் லுசாகாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். களைத்துப்போன மனசு நல்ல சேதியைத் துருவிப் பார்க்காது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வுக்கூடக் கதவில் ஒரு பெரிய தாளை ஒட்டினார்கள். ஜைலோசி கழுவிய குடுவைகளோடு வந்தவர் நின்று படித்தார். அவர் படிப்பது இன்னும் படியேறுவது மாதிரிதான். ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றித்தான் அடுத்ததுக்குப் போவார். ‘ஒரு மலைக்கொடியின் வேரில் கஃபீன்: படிகம் தந்த சான்று. பிற்பகல் இரண்டு மணி.’

“கஃபீன்னா என்ன மேடம்?”

டாக்டர் கை நிறையக் காகிதத்தோடு ஓடிக்கொண்டே சொன்னார். “தேயிலையில இருக்குல்ல அண்ணே, தூக்கத்தை விரட்டுற சரக்கு, அதுதான். நம்ம வேர்லயும் இருக்கு! யாரு நினைச்சா?”

குடுவைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

வீட்டுக்குப் போய் எனிஃபாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஜூனில் சொல்லாததெல்லாம் சேர்த்து. அவள் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“என் டீயா? என் டீயைக் கேப்டவுன்ல எக்ஸ்ரே எடுத்தாங்களா?”

“சிரிக்காதடி. என் வேலை போகப்போகுது.”

“வேலை போனா போகுது, என் கூட வந்து மண்டாசி பணியாரம் சுட்டு வித்துக்கோங்க. எண்ணெய்ச் சட்டிக்கிட்ட முதுகும் சூடா இருக்கும்.” சிரிப்பு நின்றது. “நேலியோட அப்பா, அந்தம்மா ரெண்டு மணிக்கு மேடை ஏறி என்ன சொல்லப்போறாங்க?”

“வேர்ல டீ இருக்குன்னு.”

“இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் அடுத்த வருஷம் வேற யாராச்சும் வேரை வெட்டிப் பார்த்து இல்லன்னு சொன்னா, அந்தம்மா முகத்தை எங்க கொண்டு வச்சுக்குவாங்க? உங்க சாயங்கால வகுப்புக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்த அம்மா அவங்க. இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?”

அவர் எழுந்து நடந்தார். முதுகு வலித்தும் நடையை ஓட்டமாக்கினார். ஆனால் போய்ச் சேர்ந்தபோது டாக்டரைச் சுற்றி ஆட்கள். துறைத் தலைவர் ஒரு பக்கம், லுசாகாவிலிருந்து வந்த தலை நரைத்த பேராசிரியர் ஒரு பக்கம். இரண்டு முறை பக்கத்தில் போய் “மேடம்” என்றார். “அப்புறம் அண்ணே, அப்புறம்” என்று சிரித்துக்கொண்டே தோளைத் தட்டி அனுப்பினார். அதற்குள் ஸ்டோனார்டு வந்து கையில் ஒரு தட்டைத் திணித்தார்.

“எங்கய்யா போன? விருந்தாளிங்களுக்கு டீ கொடு. மணி ஒண்ணே முக்கால்.”

தட்டில் பன்னிரண்டு கோப்பைத் தேநீர் ஆவி பறந்தது. ஜைலோசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மண்டபத்துக்குள் போனார். முதல் வரிசையைக் கடந்தார். கோப்பைக்கு நீண்ட கைகளையெல்லாம் தாண்டினார். துறைத் தலைவர் “இங்க, இங்க” என்றார். அதையும் கேளாதவர்போல் நேரே மேடைக்கு ஏறி, காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த டாக்டரின் முன்னால் தட்டை வைத்தார்.

“எனக்கு இப்ப வேண்டாம் அண்ணே.”

“குடிக்கக் கொண்டுவரல மேடம். பாருங்கன்னு கொண்டுவந்தேன்.” “உங்க பாட்டில்ல இருந்தது இதுதான். வேர்ல இருந்து வரல. என் குவளையில இருந்து வந்துச்சு. நீங்க போன ரெண்டாம் நாளு. பாட்டில் சாஞ்சு குவளைக்குள்ள விழுந்துடுச்சு. நான்தான் வடிகட்டித் திருப்பி ஊத்தினேன்.”

டாக்டர் கோப்பையைப் பார்த்தார். ஜைலோசியைப் பார்த்தார். மறுபடியும் கோப்பையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று ஜைலோசி தலையைக் குனிந்துகொண்டார்.

“சர்க்கரை?” என்றார் டாக்டர்.

“என்ன மேடம்?”

“சர்க்கரை போட்டிருந்துச்சா அந்த டீயில?”

“இல்ல மேடம். எனிஃபா போட விடமாட்டா.”

“பால்?”

“இல்ல.”

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். “சர்க்கரை இருந்திருந்தா பாகுதான் மிஞ்சியிருக்கும்” என்று உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தபோது அதில் கோபம் இருந்தது, நிஜக் கோபம். “மூணு மாசம், அண்ணே. மூணு மாசம் என் பக்கத்துலயே நின்னீங்க. திங்கட்கிழமை பேசிக்கறேன் உங்ககிட்ட.”

ஜைலோசி கீழே இறங்கிக் கடைசிச் சுவரோரம் போய் நின்றார். மணி இரண்டு அடித்தது.

டாக்டர் எழுந்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன், மேடையில் ஒட்டியிருந்த தலைப்புத் தாளுக்குப் போய், ‘கஃபீன்’ என்ற சொல்லின் குறுக்கே பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டார். கிறுக்கி அழிக்கவில்லை, அடியில் இருந்தது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரே கோடு. அந்தக் கூடத்தில் தப்பாக எழுதியதை அப்படித்தான் அடிப்பார்கள்.

“பதினஞ்சு நிமிஷம் முன்னாடிவரை இது வேர்ல இருக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்றார். “இல்ல. இது எங்க ஆய்வுக்கூடத்து ஆளோட டீயில இருந்து வந்தது.”

பிறகு லுசாகாப் பேராசிரியர் தொடையில் தட்டினார். “அம்மா, எங்க ஊர்ல காப்பி நல்லா இருக்கும். ரெண்டு மூட்டை அனுப்பட்டுமா?” கூரை அதிரச் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்; ஆனால் கை காகிதத்தைக் கசக்கிப் பிடித்திருந்ததை ஜைலோசி பார்த்தார். தனக்காக அந்த அம்மாள் வாங்கிக்கொள்கிற சிரிப்பு அது என்று அவருக்குத் தோன்றியது.

அப்புறம் திரையில் படம் வந்தது. பெரிதாக, வளைந்தும் மடங்கியும் ஒரு உருவம். பக்கத்தில் சின்னதாக, தட்டையாக இன்னொன்று. மறுபடி பெரியது, மறுபடி சின்னது. வரிசை வரிசையாக, மேலும் கீழும், முடிவே இல்லாமல்.

“நாங்க தேடினது இந்தப் பெரியது. ரெண்டு வடிவத்துல எதுங்கிறது இதோ, சந்தேகமே இல்லாமத் தெரியுது. அது மாறல. தனியா விட்டா இது வரிசையில நிக்கவே நிக்காது, மூணு வருஷம் பார்த்தாச்சு. பக்கத்துல இந்தச் சின்னது வந்து உக்காந்ததும் அடங்கி நின்னுடுச்சு.”

ஜைலோசி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். அவருக்கு அந்தப் படம் யாரும் சொல்லாமலே புரிந்தது. பெரியது செங்கல். கோணல் செங்கல், அடுக்க வராத செங்கல். இரண்டு கல்லுக்கு நடுவில், இடுக்கு பார்த்து, அளவு பார்த்துப் பூசியிருக்கிறதே, அது சாந்து. எனிஃபாவின் தேநீர்.

திங்கட்கிழமை டாக்டர் உச்சிவேளைவரை அவரோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ஜைலோசி ஒரே குடுவையை மூன்று தடவை கழுவினார். பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில், வெயில் விழும் மூலையில், சுவரோரமாகப் போட்டார்.

“குளிர்ல டீ இங்க. உள்ள இல்ல. இன்னொரு தடவை உள்ள பார்த்தேன், எனிஃபாகிட்டயே சொல்லிடுவேன்.”

“சரி மேடம்.”

“வாங்க.”

உள்ளே மேசையில் ஆய்வுக் குறிப்பேடு திறந்து கிடந்தது. கெட்டி அட்டை, எண் போட்ட பக்கங்கள். பதினொரு வருடமாக அதன்மேல் தூசி தட்டியிருக்கிறார், பேனா வைத்ததில்லை.

“எழுதுங்க.”

“நானா?”

“செஞ்சவங்கதான் எழுதணும். அதுதான் இங்க சட்டம். நான் பார்க்காததை நான் எழுத முடியாது. எத்தனை கரண்டித் தூள், எவ்வளவு நேரம் கொதிச்சுது, குவளையில எவ்வளவு மிச்சம் இருந்தது, எல்லாம். மழை வரட்டும், புது வேர் எடுத்து, சுத்தமான கஃபீனை அளந்து போட்டு மறுபடி செய்யப்போறோம். அதுக்கு உங்க கணக்கு வேணும்.”

“என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் மேடம்.”

“கோழி கிளறினாலும் தேதி போட்டுக் கிளறினா போதும்.”

அவர் உட்கார்ந்தார். பேனாவை, கொத்தன் கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். முதல் வரிக்கே அரைமணி ஆனது. நடுவில் ‘குளிர்’ என்று எழுத நினைத்து வேறேதோ எழுதிவிட்டார். வியர்த்துப்போய்க் கட்டைவிரலால் தேய்க்கப் போனார்.

“தேய்க்காதீங்க” என்றார் டாக்டர், தன் வேலையிலிருந்து தலை நிமிராமலே. “ஒரு கோடு போட்டு மேல எழுதுங்க. என்ன தப்பு பண்ணினோம்னு தெரியணும்.”

ஒரு கோடு போட்டார். மேலே எழுதினார். ஸ்டோனார்டு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வம்பு எதுவும் இழுக்காமல் போனார். வெயில் மேசையைக் கடந்து தரைக்கு இறங்கியபோது பதினொரு வரி முடிந்திருந்தது. அடியில் பெயரும் தேதியும் போட்டார். பக்கத்தில் சாட்சியாக டாக்டர் மொடெஸ்டா கலிந்தே கையெழுத்திட்டார். மூடப்போன குறிப்பேட்டை ஜைலோசி கையால் தடுத்தார்.

“ஒண்ணு விட்டுப்போச்சு மேடம்.”

பேனாவை மறுபடி வாங்கி, கையெழுத்துகளுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக ஊன்றி எழுதினார்: ‘டீ போட்டது என் மனைவி எனிஃபா. சர்க்கரை போடவில்லை.’

டாக்டர் அதைப் படித்தார். பேனாவை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டார்.